கும்மிடிப்பூண்டி பக்கம் ஸ்கூபா டைவிங் ஸ்பாட் இருக்கா? கடலில் இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிப்காட்டில் புது வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு. மேப்பைத் திறந்து பார்த்தால் கும்மிடிப்பூண்டியில் இருந்து கடல் கையெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். யூடியூபில் அந்தமான் வீடியோ பார்த்தவர்களுக்கு உடனே வரும் கேள்வி இதுதான்: "இவ்வளவு பக்கத்துல கடல் இருக்கே, இங்கேயே ஸ்கூபா டைவிங் பண்ண முடியாதா? குறைந்தபட்சம் ஸ்நார்கெலிங்காவது?"

சுருக்கமான பதில்: திருவள்ளூர் மாவட்டக் கடலில் பொழுதுபோக்கு டைவிங்குக்கு ஏற்ற இடம் இல்லை. ஆனால், ஒரே நாளில் போய் வரக்கூடிய தூரத்தில் இடங்கள் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் தண்ணீர் எல்லாம் இறங்கக்கூடிய தண்ணீர் அல்ல என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே கசப்பான உதாரணமும் உண்டு. இங்கே ஏன் முடியாது, வேறு எங்கே முடியும், புது ஊரில் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்கூபா, ஸ்நார்கெலிங்: என்ன வித்தியாசம்?

இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் அதிகம். ஸ்நார்கெலிங் என்பது தண்ணீரின் மேற்பரப்பில் குப்புற மிதந்தபடி, முகத்தில் மாஸ்க், வாயில் குழாய் வைத்துக்கொண்டு கீழே பார்ப்பது. காற்று வெளியில் இருந்தே வருகிறது. தண்ணீர் தெளிவாகவும், அலை குறைவாகவும் இருந்தால்தான் இதில் ஏதாவது தெரியும்.

ஸ்கூபா என்பது முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போவது. பலரும் இதை 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று சொல்கிறார்கள். அது தவறு. சாதாரண டைவிங்கில் சிலிண்டருக்குள் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான். அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். பிரான்ஸைச் சேர்ந்த ஜாக் குஸ்தோவும் எமில் கேக்னனும் 1943-ல் உருவாக்கிய கருவிதான் இன்றைய ஸ்கூபாவுக்கு அடிப்படை.

தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக மேலே வந்தால் நுரையீரல் கிழியும் ஆபத்து உண்டு. அதனால்தான் ஸ்கூபாவின் முதல் விதி: மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது.

திருவள்ளூர் கடலில் ஏன் முடியாது?

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், கலங்கல். பவளப்பாறைகள் வளர சூரிய வெளிச்சம் அடிவரை போகும் தெளிந்த நீரும், அதிகம் மாறாத உப்புத்தன்மையும் வேண்டும். வங்கக் கடலின் மேற்குக் கரையில் கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணாறு என்று பெரிய ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. திருவள்ளூர் கரையிலேயே ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் கடலில் கலக்கின்றன. அடியில் மணலும் சேறும்தான். இந்தியாவில் பெரிய பவளப்பாறைத் திட்டுகள் இருப்பது மன்னார் வளைகுடா, பாக் ஜலசந்தி, கட்ச் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் ஆகிய பகுதிகளில்தான். சென்னைக்கு வடக்கே அப்படி ஒன்று இல்லை.

இரண்டாவது காரணம், துறைமுகங்கள். எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி துறைமுகம், பக்கத்திலேயே அனல் மின் நிலையங்கள். பெரிய கப்பல்கள் வந்து போகும் பாதையில் ஒருவர் தண்ணீருக்குள் இருந்தால் கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரியாது. 2017 ஜனவரி 28-ம் தேதி காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதையும், மெரினாவுக்கு அப்பால் வரை கரையில் தார் போல அது படிந்ததையும் யாரும் மறந்திருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது மீனவர்களின் படகும் வலையும் பாழாயின. முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி ஒரு மணி நேரம் மிதக்கும் விளையாட்டுக்கு இது ஏற்ற இடம் அல்ல.

மூன்றாவது காரணம், ஸ்ரீஹரிகோட்டா. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தீவில்தான் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளம் இருக்கிறது. ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்களுக்கே கடலுக்குப் போகத் தடை விதிக்கப்படும். பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கும் கடலில் 'சும்மா ஒரு ரவுண்டு' போக முடியாது.

பழவேற்காட்டில் ஸ்நார்கெலிங் பண்ணலாமா?

கும்மிடிப்பூண்டியில் இருந்து சாலை வழியாக சுமார் 35 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். டச்சுக்காரர்கள் 17-ம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையின் மிச்சமும், அவர்களின் கல்லறைத் தோட்டமும் இங்கே உண்டு. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் தண்ணீருக்குள் அல்ல.

ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். அடியில் சேறு. கலங்கிய தண்ணீரில் மாஸ்க் போட்டாலும் சொந்தக் கையே சரியாகத் தெரியாது. ஆழம் இல்லை என்பதால் பயமில்லை என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அலை ஏற்ற இறக்கத்தின்போது நீரோட்டம் பலமாக இருக்கும். மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று இடுப்பளவு இருந்த இடத்தில் இன்று ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கலாம்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். குழந்தைகளும் பெண்களும் அதில் இருந்தார்கள். அது சுற்றுலாவுக்கான படகு அல்ல, மீன்பிடி படகு. அளவுக்கு அதிகமான ஆட்கள். லைஃப் ஜாக்கெட் கிடையாது. அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்குத் தடை வந்தது.

இன்றும் விடுமுறை நாட்களில் 'ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம், வாங்க' என்று அழைப்பவர்கள் இருக்கலாம். அனுமதி இருக்கிறதா, லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் 'ஆமாம்' என்ற பதில் வராமல் படகில் கால் வைக்கக் கூடாது. டைவிங்காக இருந்தாலும், வெறும் படகு சவாரியாக இருந்தாலும் இதே விதிதான்.

ஏரி, குவாரி குட்டையில் பழகலாமா?

'கடல் வேண்டாம், ஏரியிலேயே பழகிக்கலாம்' என்று நினைப்பவர்களும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி, புழல், சோழவரம் ஏரிகள் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி பக்கத்திலேயே 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் இருக்கிறது. இவை எல்லாம் சென்னைக்குக் குடிநீர் தருபவை. இறங்கிக் குளிப்பதற்கும் நீந்துவதற்கும் இடம் இல்லை.

கைவிடப்பட்ட கல்குவாரி குட்டைகள் இன்னும் மோசம். பச்சை நிறத்தில் தெளிவாகத் தெரியும் அந்தத் தண்ணீர்தான் ஆளை இழுக்கிறது. ஓரத்திலேயே செங்குத்தாக ஆழம் இறங்கும். பிடித்து ஏற வழி இருக்காது. அடியில் உடைந்த பாறை, கம்பி, முள் எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் குவாரி குட்டையில் மூழ்கிய மாணவர்கள் பற்றிய செய்தி வருவது இதனால்தான். பழக வேண்டுமென்றால் லைஃப் கார்டு இருக்கும் நீச்சல் குளம் மட்டுமே சரியான இடம். முறையான ஸ்கூபா பயிற்சியும் முதலில் குளத்தில், அல்லது குளம் போல அமைதியான ஆழமற்ற நீரில்தான் தொடங்கும்.

அப்போ எங்கே போவது?

நீலாங்கரை, கிழக்கு கடற்கரைச் சாலை: கும்மிடிப்பூண்டியில் இருந்து சுமார் 65 கி.மீ. புறநகர் ரயிலில் சென்னை வந்து, அங்கிருந்து பஸ்ஸிலோ காரிலோ போகலாம். இந்தப் பகுதிக் கடலில் பயிற்சியாளர்களோடு டைவிங் நடக்கிறது. 2021 பிப்ரவரியில் ஒரு ஜோடி நீலாங்கரை கடலில் சுமார் 60 அடி ஆழத்தில் திருமணம் செய்துகொண்டது நாடு முழுக்க செய்தியானது நினைவிருக்கலாம். இங்கே பவளத் தோட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம். பாறைத் திட்டுகளும், அதைச் சுற்றி மீன் கூட்டமும்தான். தெளிவு நாளுக்கு நாள் மாறும். முதல் டைவுக்கும் பயிற்சிக்கும் பக்கத்தில் இருக்கும் இடம் இதுதான்.

மாமல்லபுரம்: இங்கே கடலுக்கு அடியில் கோயில் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போகிறவர்கள் பலர். 2002 ஏப்ரலில் கோவாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவனமும் இங்கிலாந்தின் அறிவியல் ஆய்வுச் சங்கமும் சேர்ந்து கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் மூழ்கி ஆய்வு செய்தன. கரையில் இருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்களின் எச்சங்களும் வெட்டப்பட்ட கற்களும் கிடந்தன. ஆனால் அவை பாசியும் சிப்பியும் மூடிக் கிடப்பவை, தொல்லியல் ஆய்வுக்கு உரியவை. சுற்றுலாப் பயணிகள் சுயமாக இறங்கித் தேடும் இடம் அல்ல.

புதுச்சேரி: கும்மிடிப்பூண்டியில் இருந்து சுமார் 200 கி.மீ. கிழக்குக் கரையில் டைவிங்குக்குப் பெயர் பெற்ற இடம். கரையில் இருந்து சில கி.மீ. தள்ளி 'டெம்பிள் ரீஃப்' என்ற செயற்கைப் பாறைத் திட்டு சுமார் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கான்கிரீட், பாறை, இரும்புக் கம்பி போன்றவற்றைப் போட்டு மீன்களுக்கு வீடு கட்டியது போல உருவாக்கப்பட்டது. வார இறுதியில் ஒரு இரவு தங்கி வரும் திட்டத்துக்கு ஏற்றது.

ராமேஸ்வரம், மன்னார் வளைகுடா: சுமார் 600 கி.மீ. தமிழ்நாட்டில் உண்மையான ஸ்நார்கெலிங் என்றால் இந்தப் பக்கம்தான். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. 100-க்கும் மேற்பட்ட பவள வகைகள், கடல் புல், கடல் குதிரை எல்லாம் இங்கே உண்டு. ஆனால் இது பாதுகாக்கப்பட்ட பகுதி. தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. குந்துக்கல்லில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை சூழல் சுற்றுலாப் படகு விடுகிறது. அது போன்ற அனுமதி பெற்ற வழியில் மட்டுமே போக வேண்டும்.

அந்தமான்: சென்னையில் இருந்து ஸ்ரீவிஜயபுரம், அதாவது பழைய போர்ட் பிளேயர், நேரடி விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள்ளான பயணம். அங்கிருந்து படகில் ஹேவ்லாக் எனப்படும் சுவராஜ் தீவு. சான்றிதழ் படிப்பை முடிக்க பலரும் போவது இங்கேதான்.

திருகோணமலை: இலங்கை போகும் வாய்ப்பு இருப்பவர்களுக்கு நிலாவெளி அருகே புறாத்தீவு தேசியப் பூங்கா இருக்கிறது. கரையில் இருந்து கொஞ்ச தூரம்தான். ஸ்நார்கெலிங்குக்குப் பெயர் பெற்ற இடம். மே முதல் செப்டம்பர் வரை அங்கே கடல் அமைதி.

எந்த மாதத்தில் போகலாம்?

இடத்தை விட மாதம் முக்கியம். சென்னை, புதுச்சேரி கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். வாடைக் காற்றும், ஆற்று வெள்ளமும், புயல் சின்னமும் சேர்ந்து கடல் கொந்தளிப்பாகவும் கலங்கலாகவும் இருக்கும். பொதுவாக தை பிறந்த பிறகு கடல் படிப்படியாகத் தெளியும். கோடையின் முன்பாதி நல்ல காலம்.

ராமேஸ்வரத்தில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. தீவின் இரண்டு பக்கமும் இரண்டு கடல். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா பக்கம் கொந்தளிக்கும், வடக்கே பாக் ஜலசந்தி பக்கம் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் அப்படியே தலைகீழ். உள்ளூர் மீனவர்களும் இதைப் பார்த்துத்தான் பக்கம் மாற்றித் தொழிலுக்குப் போகிறார்கள். 'இப்போ எந்தப் பக்கம் கடல் அமைதி?' என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடுவது நல்லது.

போகும் முந்தைய நாள் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற இந்திய கடல் தகவல் சேவை மையம் அலை உயரம், 'கள்ளக்கடல்' எச்சரிக்கை போன்றவற்றை இலவசமாக வெளியிடுகிறது. மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லும் நாளில் டைவிங் படகும் போகக் கூடாது. அன்றும் 'வாங்க, பாத்துக்கலாம்' என்று சொல்லும் சென்டரை விட்டு விலகுவதே நல்லது.

புது ஊரில் ஸ்பாட் கண்டுபிடிப்பது எப்படி?

வேலை மாற்றலாகி எந்த ஊருக்குப் போனாலும் இந்த வரிசையில் விசாரித்தால் தெளிவு கிடைக்கும்.

1. முதலில் பயிற்சி அமைப்புகளின் பட்டியல். பாடி, எஸ்எஸ்ஐ, நாவி போன்ற சர்வதேச அமைப்புகள் தங்கள் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட சென்டர்களை ஊர் வாரியாகத் தருகின்றன. இன்ஸ்டாகிராம் விளம்பரத்தை விட இது நம்பகமானது. பயிற்சியாளரின் எண்ணைக் கொடுத்து அவர் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்றும் சரிபார்க்கலாம்.

2. அடுத்து மீனவர்கள். கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டை மீனவர்கள் 'பார்' என்பார்கள். எந்தப் பார் எங்கே இருக்கிறது, எந்த மாதம் தண்ணி தெளியும், எங்கே இழுப்பு அதிகம் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த ஆப்புக்கும் தெரியாது. ஆனால் ஒன்று: பார் என்பது அவர்களின் பிழைப்பு. வலை போட்டிருக்கும் இடத்தில் அனுமதி இல்லாமல் இறங்குவது வலைக்கும் நஷ்டம், இறங்குபவர் உயிருக்கும் ஆபத்து. வலையில் சிக்கினால் வெளியே வருவது கஷ்டம்.

3. மூன்றாவது வனத்துறை. இடம் சரணாலயமா, தேசியப் பூங்காவா, பாதுகாப்பகமா என்று கேளுங்கள். உதாரணமாக, பாக் ஜலசந்தியில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையை ஒட்டி 448 சதுர கி.மீ. பரப்பில் இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகம் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

4. கடைசியாக மேப். சாட்டிலைட் படத்தில் ஆற்று முகத்துவாரம், துறைமுகம், தொழிற்சாலைக் கழிவு வாய்க்கால் எதுவும் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்தை மறந்துவிடலாம்.

சென்டரில் கேட்க வேண்டிய கேள்விகள்

பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

• ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? முதல்முறை இறங்குபவர்களுக்கு பாடி விதியில் அதிகபட்சம் 4 பேர். கலங்கலான கிழக்குக் கடலில் ஒருவருக்கு ஒருவர் இருப்பதே நல்லது.

• எவ்வளவு ஆழம்? பயிற்சி இல்லாத முதல் டைவுக்கு 12 மீட்டர்தான் எல்லை. அடிப்படைச் சான்றிதழ் இருந்தால் 18 மீட்டர். அடுத்த கட்டச் சான்றிதழுக்கு 30 மீட்டர். 'ஃபர்ஸ்ட் டைம்னாலும் 20 மீட்டர் கூட்டிட்டுப் போறோம்' என்றால் அது சலுகை அல்ல, விதிமீறல்.

• கடலுக்குப் போகும் முன் ஆழமற்ற நீரில் பயிற்சி உண்டா? மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது, வாயில் இருந்து ரெகுலேட்டர் கழன்றால் திரும்பப் பொருத்துவது, கை சைகைகள். இந்த மூன்றும் கற்றுத் தராமல் இறக்கக் கூடாது.

• படகில் அவசர ஆக்சிஜன் கிட், முதலுதவிப் பெட்டி, லைஃப் ஜாக்கெட், வயர்லெஸ் இருக்கிறதா? சிலிண்டரில் இருப்பது காற்று என்றாலும், விபத்து நேர்ந்தால் கொடுக்க வேண்டியது சுத்தமான ஆக்சிஜன். அது தனியாகப் படகில் இருக்க வேண்டும்.

• டைவர்கள் கீழே இருக்கும்போது படகில் ஆள் இருப்பாரா?

• கடல் சரியில்லை என்று ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா? பணம் போய்விடுமே என்ற நினைப்புதான் பலரைத் தப்பான நாளில் கடலில் இறங்க வைக்கிறது.

யார் இறங்கக் கூடாது?

நல்ல சென்டர் முதலில் கொடுப்பது ஆக்சிஜன் மாஸ்க் அல்ல, ஒரு மருத்துவப் படிவம். அதில் பொய் சொல்லக் கூடாது. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, சமீபத்தில் நடந்த அறுவை சிகிச்சை, காது பிரச்சினை இருப்பவர்கள் மருத்துவர் கடிதம் இல்லாமல் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகள் டைவிங்கைத் தள்ளிப்போட வேண்டும். சாதாரண சளி இருந்தாலும் காதுக்குள் அழுத்தத்தைச் சமப்படுத்த முடியாது. செவிப்பறை பாதிக்கப்படலாம். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேராகப் போவதும், முந்தைய இரவு மது குடித்திருப்பதும் ஆபத்து.

நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் கைபிடித்து முதல் டைவுக்கு அழைத்துப் போகிறார்கள். ஆனால் சான்றிதழ் படிப்புக்கு நீச்சல் வேண்டும். பாடி அடிப்படைப் படிப்பில் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தபட்ச வயது 10.

டைவிங் முடிந்த உடனே விமானம் ஏறக் கூடாது. ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். மலை ஏறுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காலையில் ராமேஸ்வரத்தில் டைவ், சாயங்காலம் கொடைக்கானல் என்று டூர் பிளான் போடுபவர்கள் கவனிக்க வேண்டும். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன், உயரத்துக்குப் போகும்போது குமிழிகளாக மாறி மூட்டுவலி, மயக்கம், சில நேரம் பக்கவாதம் வரை கொண்டுபோகலாம்.

கடலுக்கு அடியிலும் சட்டம் உண்டு

பவளத்தைத் தொடுவதும், ஒடிப்பதும், 'ஞாபகத்துக்கு' ஒரு துண்டு எடுத்து வருவதும் விளையாட்டு அல்ல. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. பிடித்தாலும் வைத்திருந்தாலும் சிறைத் தண்டனை வரை போகும். ஸ்நார்கெலிங் செய்பவர்கள் களைப்பில் பவளத்தின் மேல் கால் ஊன்றி நிற்பதுதான் அதிகம் நடக்கும் சேதம். பல ஆண்டுகளாக வளர்ந்த பவளம் ஒரு மிதியில் உடைந்துவிடும்.

ஏதாவது நடந்தால்?

கடலில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் இலவச எண் 1093. இந்தியக் கடலோரக் காவல் படையின் எண் 1554. கரைக்கு வந்த பிறகு ஆம்புலன்ஸுக்கு 108. மூன்றையும் போனில் சேமித்துக்கொள்வதோடு, எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டிலோ, ரூம் நண்பர்களிடமோ சொல்லிவிட்டுப் போக வேண்டும். வெளி மாநிலத்தில் இருந்து வந்து தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காணவில்லை என்று தேடத் தொடங்குவதற்கே யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

கரையில் நிற்கும்போது நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். ஸ்நார்கெலிங் எப்போதும் இரண்டு பேராகத்தான்.

முடிவாக...

கும்மிடிப்பூண்டியில் இருப்பவருக்குக் கடல் பக்கம்தான், டைவிங் கொஞ்சம் தள்ளி. முதல் ஞாயிறு பழவேற்காட்டில் கரையில் நின்று பறவை பார்த்துவிட்டு, மீன் வாங்கிக்கொண்டு திரும்பலாம். அடுத்த சில வாரம் குளத்தில் நீச்சல் பழகலாம். பொங்கல் கழிந்து கடல் தெளிந்ததும் நீலாங்கரையிலோ புதுச்சேரியிலோ முதல் டைவ் போகலாம். அது பிடித்திருந்தால் அடுத்த லீவுக்கு ராமேஸ்வரம், அந்தமான்.

2011-ல் பழவேற்காட்டில் அந்தக் குடும்பங்கள் ஏறியதும் ஒரு விடுமுறை நாள் சந்தோஷத்துக்காகத்தான். அனுமதி இருக்கா, ஜாக்கெட் இருக்கா, இன்னைக்கு கடல் எப்படி? இந்த மூன்று கேள்விக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் கூட ஆகாது. கேட்டுவிட்டு இறங்குங்கள்.